கருங்கொம்பு தெரிகிற இடம்

கெல்டா பண்ணை,
14 ஜூன் 1904

ஹால்ஸ் பண்ணை, ஊர்த்தலைவர் ஏவிந்த் ஸ்டுர்லுசன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான் விரும்பி எழுதவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் அளவையாளர் லெப்டினன்ட் ஹோல்க் சொல்ல, நம் மொழியில் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் டேனிஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்த வேலை என்மேல் விழுந்தது.

அவர் சொன்னது: பனிப்பாளத்தையும், அதன் ஓரத்து மலைகளையும், கோல்கா ஆற்றையும் கடல்வரைக்கும் இந்தக் கோடையில் அளந்து வரைபடமாக்கப் போகிறார்கள். அதற்கு ஆறு குதிரைகள் வேண்டும். கோல்காவைக் கடக்க வழிகாட்டி வேண்டும். அந்த ஆற்றில் எந்த நாள் எங்கே இறங்கலாம் என்று தெரிந்தவர் நீங்கள்தான் என்று எல்லோரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதை மறுக்கவில்லை. உண்மையை மறுத்துப் பழக்கமில்லை.

இதுவரை அவர் சொன்னது. இனி நான்.

போன வருடம் ஏப்ரலில் ஒதுங்கிய திமிங்கலத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அம்மா உங்கள் தங்கை என்பதால் அவர் முன்னால் பேச முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் கரைக்கும் எங்கள் கரைக்கும் நடுவில் கல்லும் இல்லை, வேலியும் இல்லை, வெறும் மணல். ஆட்டுத்தோள் மலைக்குப் பின்னால் கருங்கொம்புச் சிகரம் மறைந்திருக்கும் வரை அது கெல்டாவின் கரை. கிழக்கே நடந்து, சிகரத்தின் நுனி தோளுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற இடத்திலிருந்து அது ஹால்ஸின் கரை. இருநூறு வருடமாக இதுதான் எல்லை. திமிங்கலத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு நீங்கள் “நுனி தெரியுது” என்றீர்கள். அப்பா “தெரியலயே மச்சான், நல்லாப் பாருங்க” என்றார். நீங்கள் நீதிபதிக்கு முன் பைபிளில் கைவைத்தீர்கள்.

கறி உங்களுக்குப் போனது. அதைக்கூட விடலாம். நீங்கள் வருவதற்குள் அப்பா அறுத்து வைத்திருந்த நான்கு துண்டுக்காக, மாவட்டப் புத்தகத்தில் ‘திமிங்கலத் திருடன் தோர்லாக்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரி அழிகிற வரைக்கும் நான் உங்களை மாமா என்று கூப்பிடப் போவதில்லை.

குதிரைகளுக்கு லாடம் புதிதாக இருக்க வேண்டுமாம். இது லெப்டினன்ட் சொன்னது.

ஒட்னி தோர்லாக்ஸ்டோட்டிர்


ஹால்ஸ்,
16 ஜூன் 1904

என் தங்கை மகள் ஒட்னிக்கு,

கையெழுத்து அழகாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நல்லதாகவும் ஏதாவது எழுதலாம்.

ஆறு குதிரைகள் வெள்ளிக்கிழமை வரும். நானும் வருவேன். லெப்டினன்டிடம் மூன்று விஷயம் சொல். ஒன்று, என் குதிரை நின்றால் அவர் குதிரையும் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டு, தண்ணீரைப் பார்க்கக் கூடாது, எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். மூன்று, நேற்று இறங்கிய துறையில் இன்று இறங்கலாம் என்று அவருடைய தாள் சொன்னால், தாளை முதலில் இறங்கச் சொல்.

திமிங்கலத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பதினைந்து வயதில் நானும் நிறைய விஷயங்களில் உறுதியாக இருந்தேன். அன்று நுனி தெரிந்தது. என்னோடு நின்ற என் பண்ணையாள் கெஸ்ட்டும் பார்த்தான். பார்த்ததைச் சொன்னேன். உன் அப்பா ஊர்த்தலைவனுக்குச் சொல்லி அனுப்பாமலே கத்தியை எடுத்தார். புத்தகத்தில் அந்த வரியை நான் எழுதவில்லை.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்பது உன் விருப்பம். மலைகூட நாம் வைத்த பெயரைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

ஏவிந்த்


கெல்டா,
9 ஆகஸ்ட் 1904

ஏவிந்த் ஸ்டுர்லுசன் அவர்களுக்கு,

ஏழு வாரமாக நீங்கள் எங்களை ஆறு கடத்தி விடுகிறீர்கள். ஏழு வாரமாக நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஆற்றின் நடுவில் நீங்கள் கழியை ஊன்றி, தலையைச் சாய்த்து, அடியில் கற்கள் உருளும் சத்தத்தைக் கேட்பீர்கள். அப்போது யாரும் மூச்சு விடுவதில்லை. லெப்டினன்ட் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவு கவனமாகக் கேட்கத் தெரிந்தவர் அன்று அப்பா சொன்னதை ஏன் கேட்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அளக்கும் முறையை நான் கற்றுக்கொண்டேன். மூன்று கால் மேசையின்மேல் தாளை ஒட்டி, கண்ணாடிக் குழல் வைத்த பித்தளை அளவுகோலால் ஒரு சிகரத்தைப் பார்க்க வேண்டும். பார்த்த திசையில் பென்சிலால் கோடு போட வேண்டும். பிறகு மேசையைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போய், அதே சிகரத்தை மறுபடி பார்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் சிகரம் உட்கார்ந்துவிடும். அது சண்டை போடாது, சத்தியம் செய்யாது. மூன்றாவது இடத்திலிருந்து பார்த்தாலும் அங்கேயே இருக்கும்.

கடற்கரை மணலில் குறி வைக்க ஒரு மேடுகூட இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். லெப்டினன்ட் சுற்றிப் பார்த்தார். “அங்க வெள்ளையா என்ன தெரியுது?” என்று கேட்டார். “திமிங்கலத்தோட மண்டையோடு” என்றேன். “ரொம்ப நல்லது. நகராத பொருள் அது ஒண்ணுதான்” என்று சொல்லி, அதன் கண்குழியில் கொடிக்கம்பத்தை நட்டுவிட்டார். யாரும் கேட்காமலே அந்தத் திமிங்கலம் வரைபடத்தில் ஏறிவிட்டது.

போன சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, கருங்கொம்பிலிருந்து ஆட்டுத்தோளின் விளிம்பைத் தொட்டுக் கடல் வரைக்கும் ஒரு கோடு போடச் சொல்லிக் கேட்டேன். ஏன் என்று கேட்டார். எங்கள் ஊர் எல்லை என்றேன். அவர் போட்டார். அந்தக் கோடு கரையைத் தொடுகிற இடத்துக்கு மேற்கே, எங்கள் மணலுக்கு நானூற்று இருபது மீட்டர் உள்ளே, அந்த மண்டையோடு கிடக்கிறது. அங்கே நின்று கருங்கொம்பைப் பார்க்க மலையைத் துளைத்துக்கொண்டு பார்க்கும் கண் வேண்டும்.

அக்டோபர் கூட்டத்துக்கு நீதிபதி வருகிறார். அதற்கு முன் நீங்களாகவே போய்ச் சத்தியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது நான் எழுந்து வாசிப்பேன். உண்மையைச் சொன்னால், நீங்கள் போகாமலிருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். அப்பாவை எல்லோரும் பார்த்த மாதிரி உங்களையும் பார்க்க வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும்.

ஒட்னி


ஹால்ஸ்,
12 ஆகஸ்ட் 1904

ஒட்னிக்கு,

வாசி.

நான் பதினெட்டு வருடமாக ஊர்த்தலைவன். இரண்டு முறை கோல்காவிலிருந்து ஆட்களை இழுத்துப் போட்டிருக்கிறேன், அதில் ஒருவர் உன் அப்பா. ஒரு பென்சில் கோட்டுக்காகப் பைபிளிலிருந்து கையை எடுக்கிறவன் இல்லை நான். இன்று ஒரு தாளுக்காகச் சத்தியத்தைத் திரும்பப் பெற்றால், நாளைக்கு என் வார்த்தையை நம்பி எவன் ஆற்றில் இறங்குவான்?

உன் லெப்டினன்ட் ஜூலையில் வரைந்த ஆற்றை இன்று போய்ப் பார். மேற்குக் கிளை வற்றிவிட்டது. அவருடைய தாளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

குதிரைகள் வழக்கம்போல வரும். சிவப்புக் குதிரைக்கு முன்கால் வீங்கியிருக்கிறது, அதன்மேல் மேசையை ஏற்ற வேண்டாம். உன் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

ஏவிந்த்


ஹால்ஸ்,
10 அக்டோபர் 1904

ஒட்னிக்கு,

நீ பள்ளிக்கூடத்துக்கு ரெய்க்யவிக் போய்விட்டதாகத் தபால்காரன் சொன்னான். கூட்டம் முடிந்த மறுநாளே கிளம்பிவிட்டாயாம். அறுவடையைப் பார்க்காமல் போய்விட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கூட்டம். நன்றாக வாசித்தாய். குரல் நடுங்கவில்லை. லெப்டினன்டின் கையெழுத்தை நீதிபதியிடம் காட்டியபோது தாளைத் தலைகீழாகக் கொடுத்து, பிறகு திருப்பினாய். அப்போது மட்டும்தான் உனக்குப் பதினைந்து வயது என்பது ஞாபகம் வந்தது. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா வரைபடம் சாட்சி சொல்லாது, மனுஷன்தான் சொல்லணும். சத்தியம் செஞ்சவரு அதத் திரும்ப வாங்குறவரைக்கும் புத்தகத்துல இருக்கறது அப்படியேதான் இருக்கும்” என்றார். என்னைப் பார்த்து, “வாங்கிக்கிறீங்களா ஏவிந்த்?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து கிழட்டு ஸ்டெய்ன்தோர் எழுந்தார். “அப்ப ஏவிந்த் எதத்தான்யா பாத்தாரு? ஒண்ணுமில்லாத இடத்துல நுனி எங்கேருந்து மொளைச்சுது?” என்றார். நீ, “அதை அவர்கிட்டதான் கேக்கணும்” என்றாய். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நீ ஆசைப்பட்டபடி பார்த்தார்கள். நீயும் பார்த்தாய்.

இனி அறுவடை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என் பெஞ்சில் என்னைத் தவிர யாருமில்லை. காலை நீட்டி உட்கார வசதியாக இருந்தது. காபி குடிக்கப் பக்கத்துப் பண்ணைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அந்த வீட்டம்மா, “அடடா, இப்பத்தான் காலியாச்சு” என்றார். கெட்டிலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கெஸ்ட் குளிர்காலத்துக்கு வேறு பண்ணையில் வேலை தேடிக்கொண்டான். ‘நானும் பாத்தேன்னு சொல்லி மாட்டிக்கிட்டேன்’ என்று போகிற இடமெல்லாம் அழுகிறானாம். சின்னப் பிள்ளைகள் என்னைக் கண்டால் கண்ணுக்கு மேல் கையை வைத்து மலையைப் பார்ப்பதுபோல் நிற்கிறார்கள். ஒரு வாண்டு, “மாமா, நுனி தெரியுதா?” என்று கேட்டது. தெரியுது என்று சொன்னேன். பயந்து ஓடிவிட்டது.

உனக்கு எவ்வளவு கிடைத்தது என்று தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சத்தியம் என்னிடம்தான் இருக்கிறது.

ஏவிந்த்


ரெய்க்யவிக்,
2 நவம்பர் 1904

ஏவிந்த் ஸ்டுர்லுசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காபி கெட்டில் பற்றிய இடத்தைத் தோழிக்கு வாசித்தும் காட்டினேன். இருவரும் சிரித்தோம். இதை மறைப்பானேன்?

அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. பதினெட்டு மாதமாக அவர் தேவாலயத்தில் கதவோரத்தில் நின்றபடியே பாட்டுப் பாடுகிறார். உட்கார இடமில்லாமல் இல்லை. மலையிலிருந்து இறக்கிய செம்மறிகளை வீடு வீடாகப் பிரிக்கும் நாளில் எல்லோரும் ஒருவர் ஆட்டை ஒருவர் கைமாற்றிக் கொடுப்பார்கள். அப்பாவுடைய ஆடுகளை மட்டும் அவரே ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருவார். யாரும் தப்பாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுதான் தாங்க முடியாதது. உங்களுக்கு நான்கு வாரம்தான் ஆகிறது. மீதியைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நான் இங்கே பூகோளத்தில் முதலாவதாக வந்திருக்கிறேன். ஆசிரியை சுவரில் ஐஸ்லாந்து வரைபடத்தை மாட்டி, நம் பகுதியைக் காட்டி, “இங்கே இன்னும் யாரும் சரியாக அளக்கவில்லை” என்றார். நான் எழுந்து, “அளந்தாயிற்று” என்றேன். பெருமையாக இருந்தது.

அக்டோபரில் உங்களைப் பார்த்தபோது வருத்தமாக இருந்ததா என்று அம்மா எழுதிக் கேட்டிருக்கிறார். இல்லை என்று பதில் எழுதினேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒட்னி


ரெய்க்யவிக்,
19 பிப்ரவரி 1905

ஏவிந்த் ஸ்டுர்லுசன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதைப் பிரிக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

போன புதன்கிழமை அப்பா வந்தார். குளிர்காலத்துக்கு அவர் வேலைக்குப் போயிருக்கும் மீன்பிடித் துறையிலிருந்து ஒரு நாள் நடை. பள்ளிக்கூடச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. கையெல்லாம் உப்பில் வெடித்திருந்தது.

“எந்தப் படகுப்பா?” என்று கேட்டேன்.

“கரையில வேலை கெடைச்சிருக்கு.”

“கரையிலயா? அது கெழவங்களும் பொம்பளைங்களும் செய்யறதாச்சே?”

“நல்ல வேலதான். நனைய வேண்டியதில்ல.”

“எத்தன பேர்கிட்ட கேட்டீங்க?”

அவர் விரலை மட்டும் காட்டினார். ஐந்து. ஐந்து படகுத் தலைவர்களும் அப்பாவிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் ஆள் நிறைந்துவிட்டது என்றிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் நேராகச் சொன்னாராம்: “திருடன்னு புத்தகத்துல இருக்கறவன ஏத்துனா என் ஆளுங்க துடுப்பத் தொட மாட்டாங்க. உன் பொண்ணு கூட்டத்துல ஏதோ வாசிச்சாளாமே, அதெல்லாம் எனக்குத் தெரியாது. புத்தகம் என்ன சொல்லுது?” இருபத்தாறு வருடம் துடுப்புப் போட்டவர் அப்பா. இப்போது மற்றவர்கள் பிடித்து வந்த மீனை, இரண்டு பேர் தூக்கும் சுமைத்தட்டில் போட்டுச் சுமக்கிறார்.

கிளம்பும்போது, “நீ அன்னைக்கு நல்லாப் பேசுன. அது போதும் எனக்கு” என்றார். அவர் போன பிறகு நான் சாப்பிடவில்லை.

ஏனென்றால் அது போதாது என்பது எனக்கு முன்பே தெரியும். எது போதும் என்பதும் தெரியும். அது என் பெட்டியில், துணிகளுக்கு அடியில் இருந்தது.

லெப்டினன்ட் ஹோல்க் ஊருக்குப் போகும்போது எனக்கு இரண்டு தாள் கொடுத்தார். கூட்டத்தில் நான் ஒன்றைத்தான் வாசித்தேன். இது இரண்டாவது.

ஆகஸ்ட் ஆறாம் தேதி, அந்தச் சனிக்கிழமை, கோட்டைப் போட்டு முடித்ததும் அவர் என்னைப் பனிப்பாளத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். கருங்கொம்புக்குக் கீழே, கடலுக்குக் கொஞ்சம் பக்கத்தில், பனியிலிருந்து கறுப்பாக ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். “இதுல பாசியே இல்ல பாரு. பளபளன்னு இருக்கு, கீறல்கூட அழியல. அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி இது பனிக்கு அடியில இருந்திருக்கணும். பனி இறங்க இறங்க வெளிய வருது” என்றார். பிறகு வேறொரு தாளில் அதற்கும் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு ஆட்டுத்தோளின் விளிம்பைத் தாண்டி, எங்கள் கரைக்குள் வெகுதூரம் வந்து விழுந்தது. திமிங்கலம் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் கருங்கொம்பு மறைந்திருக்கும். ஆனால் இந்தப் பாறையின் நுனி தெரியும். கருங்கொம்பு தெரிய வேண்டிய அதே இடத்தில், அதே கறுப்பில்.

நீங்கள் ஒரு நுனியைப் பார்த்தீர்கள். அது நம் தாத்தாக்கள் யாரும் பார்த்திராத நுனி. அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லை.

ஸ்டெய்ன்தோர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது பதில் என் பாவாடைப் பையில் இருந்தது. அதை எடுத்திருந்தால் நீங்கள் ‘கண் ஏமாந்துவிட்டது’ என்று சொல்லி அந்த இடத்திலேயே சத்தியத்தைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அப்பாவின் பெயரில் இருந்த வரியும் அன்றே அழிந்திருக்கும். ஆனால் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எல்லோரும் கைகுலுக்கி, காபி குடித்திருப்பார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. பதினெட்டு மாதம் அப்பா கதவோரத்தில் நின்றதற்கு, கண் ஏமாந்துவிட்டது என்ற ஒரு வாக்கியமா? அதனால் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்காகச் செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். புதன்கிழமை அவருடைய கையைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

தாளை இப்போது பிரியுங்கள். லெப்டினன்டின் கையெழுத்து கீழே இருக்கிறது. நீதிபதியிடம் காட்டுங்கள். உங்களுக்கு இதனால் ஒரு குறையும் வராது. உங்கள் பதவியும் மதிப்பும் இருக்கும். நான் இன்னும் உங்களை வெறுக்கிறேன். ஆனாலும் காட்டுங்கள், தயவுசெய்து.

ஒட்னி


மீன்பிடித் துறை,
26 மார்ச் 1905

ஒட்னிக்கு,

இதை ஒரு கவிழ்த்த பீப்பாயின்மேல் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து உன் அளவுக்கு இருக்காது.

உன் கடிதம் வந்த மறுநாளே நீதிபதியிடம் போனேன். உன் தாள் என் சட்டைப்பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சத்தியம் செய்த அன்று நான் பார்த்ததைத்தான் சொன்னேன். அதில் நீ எழுதியது சரி. ஐந்தாம் நாள் வானம் வெளுத்தது. ஹால்ஸின் கரையில், என்னுடைய சொந்த மணலில், கடல்நாய் பார்க்கப் போய் நின்றேன். நிமிர்ந்தால் தோளுக்கு அந்தப் பக்கம் இரண்டு நுனி இருந்தது. ஒன்று கருங்கொம்பு. ஒன்று புதிது. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். கணக்குப் போடப் பித்தளை அளவுகோல் தேவைப்படவில்லை.

அதற்குள் கறி பதினோரு வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம் அந்த வீடுகளில் சாப்பிட வேறு என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவின் பெயர் புத்தகத்தில் ஏறி மூன்று நாள் ஆகியிருந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து, மீன் சாப்பிட்டு, படுத்துவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். பிறகு அது நினைக்கத் தேவையில்லாத விஷயமாகிவிட்டது. பார்த்ததை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வாயைத்தான் மூடிக்கொண்டேன்.

அதனால் உன் பாறையை நான் வாங்கிக்கொள்ள முடியாது. அதைக் காட்டி, ‘ஐயோ, கண் ஏமாந்துவிட்டது, இப்போதுதான் தெரிந்தது’ என்று சொன்னால் அது இரண்டாவது பொய்ச்சத்தியம். முதலாவது பொய்யாக ஆரம்பிக்கவில்லை. இது ஆரம்பத்திலிருந்தே பொய்யாக இருக்கும்.

நீதிபதி நல்ல மனிதர். எனக்கு வழிவிட்டுப் பார்த்தார். “அன்னைக்கு மூடுபனி ஏதும் இருந்துச்சா ஏவிந்த்? இருந்திருக்கும்ல?” என்றார். “இல்ல” என்றேன். ஐந்தாம் நாளைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எடுத்து எழுதினார். உன் அப்பாவின் வரி அடிக்கப்பட்டது. அதற்குக் கீழே என் பெயரில் ஒரு வரி ஏறியிருக்கிறது. அதை நானே வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். ஊர்த்தலைவர் பதவி அன்றைக்கே போனது. இன்னும் என்னென்ன போகும் என்று கோடைக் கூட்டத்தில் சொல்வார்கள்.

அடித்த வரியின் நகலை வாங்கிக்கொண்டு இங்கே வந்தேன். ஆறு நாள் பயணம். உன் அப்பா கரையில் சுமைத்தட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், மறுமுனைக்காரன் எங்கோ போயிருந்தான். தாளைக் கொடுத்தேன். படித்தார். மடித்தார். தொப்பிக்குள் வைத்தார்.

“கை காலியாத்தானே இருக்கு? அந்தப் பக்கம் புடி மச்சான்” என்றார்.

பிடித்தேன். இரண்டு நடை சுமந்தோம். மூன்றாவது நடைக்குக் குனிந்தபோது, “போதும், போ” என்றார். அதை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் அந்த நேராகப் பேசிய படகுத் தலைவன் அவரைத் தேடி வந்தான். நாளைக் காலை அவர் துடுப்புப் போடுகிறார். நீ கேட்டது கிடைத்துவிட்டது. நான் அதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்.

இனி ஒன்றே ஒன்று.

கூட்டத்தில் ஸ்டெய்ன்தோர் கேட்டபோது நீ என்னைப் பார்த்த பார்வையிலேயே, உன்னிடம் அந்தப் பாறை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களைப் பனிப்பாளத்துக்குக் கடத்திவிட்டவன் நான். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அந்த அறையில் அத்தனை பேருக்கு நடுவில் உண்மை தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அன்று உன்னைப் பார்த்தபோது என் தங்கையின் முகம் தெரியவில்லை. என் முகம்தான் தெரிந்தது.

பாறை என் கையில் இருபத்து மூன்று மாதம் இருந்தது. உன் கையில் ஆறரை மாதம். கழித்தல் உனக்கு நன்றாக வரும்.

என்னுடைய இருபத்து மூன்றையும் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அது அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது. உன்னுடைய ஆறரையைச் சொல்லவில்லை. உன் கடிதத்தையும் காட்டவில்லை. இதோ, இதற்குள்ளேயே வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், லெப்டினன்டின் தாளோடு. ஈஸ்டருக்கு அவர் உன்னைப் பார்க்க வருகிறாராம். இந்த முறை உள்ளே வந்து உட்காருவார் என்று நினைக்கிறேன்.

அப்போது நீயே சொல்.

ஏவிந்த்